ஏசிக்கு வந்தவர்

"படம் பார்க்க வந்தீங்களா, காத்து வாங்க வந்தீங்களா?"

அதிகாரியம்மா கேட்டே விட்டார். அவரும் எத்தனை நாள்தான் பொறுத்துப் போவார்?

அந்தப் பருத்த மனிதர் தினமும் மத்தியானம் வருவார். பெஞ்சை ஏசிக்கு நேராக இழுத்துப் போட்டு, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, அண்ணாந்து ஏசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாலு சுவரிலும் தேசிய ஓவியக் கூடத்திலிருந்து வந்த படங்கள். ஒன்றையாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! ம்ஹூம்.

"என்னம்மா கேட்டீங்க?" என்றார் அவர், தெருக்கோடிக்கே கேட்கும்படி. மெதுவாகப் பேசுவது என்ற வழக்கமே அவருக்குக் கிடையாது.

"வெளியே போங்கன்னேன். இந்த ஏசி உங்களுக்கு இல்லை, படங்களுக்கு. இப்படி வேர்த்து வழிய வந்து உட்கார்ந்தா உள்ளே ஈரம் ஏறும். இதோ, ஈரம் காட்டுற இந்த மீட்டர்ல முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினா, அத்தனை படத்தையும் பெட்டியில வச்சு நான் கிளம்ப வேண்டியதுதான்."

அவர் பதறிப்போய் முள்ளைப் பார்த்தார். "தாண்டிடுச்சாம்மா?"

"இதுவரைக்கும் இல்லை."

"அப்பாடா!" என்று எழுந்து போய்விட்டார். கொஞ்சம்கூட ரோஷம் இல்லாத ஆள்.

அதிகாரியம்மாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தலைநகரத்துக்காரர்கள் மட்டும் பார்த்தால் போதுமா என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்று, இந்தப் படங்களைச் சின்ன ஊர்களுக்குக் கிளப்பிக்கொண்டு வந்ததே அவர்தான். லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போயிருந்தது. முதல் ஊரே இது. இங்கே ஏதாவது ஆகிவிட்டால் மற்ற ஊர்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆனால் வருகிற ஜனங்களைப் பார்த்தால் அவருக்கு மனசே விட்டுப்போனது. பாதிப் பேர் மூட்டையும் முடிச்சுமாக வந்தார்கள். மூட்டைமேல் வெள்ளை வெள்ளையாகத் தூசி வேறு. எல்லாவற்றையும் வாசலிலேயே இறக்கி வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் ஓவியக் கூடத்தின் இயக்குநர் போனில் கேட்டார். "எப்படிப் போகுது?"

"ஏசி அருமையா ஓடுது சார். முள் ஆடவே இல்லை. ஊர்தான் சரியில்லை. ஒருத்தர் ஏசிக்கு வர்றார். மத்தவங்க பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டையை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைச்சதுன்னு வர்றாங்க. அடுத்த வருஷம் இந்த ஊர் வேண்டாம் சார்."

"நீங்க சொன்னா சரிதான்."

மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்த ஆள் கட்டிடத்துக்குப் பின்னால் நிற்கிறார்! ஏசியின் வெளிப்பெட்டி அனலைக் கக்குகிறது. அதன் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். சரியான கிறுக்கு என்று முடிவு கட்டிவிட்டார் அதிகாரியம்மா.

கடைசி நாள். ஆற்றுமேல் மழை பெய்கிற படத்துக்கு முன்னால் ஒரு பெண் வெகுநேரம் நின்றாள்.

"நனைஞ்சுட்ட மாதிரியே இருக்கு மேடம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் அதிகாரியம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வாசல்வரை வந்து, அவளுடைய மூட்டையைத் தூக்கிவிடக் கை கொடுத்தார்.

"என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?"

"மாவு மேடம். பக்கத்து ஊர் மில்லுல அரைச்சுட்டு வர்றேன்."

"ஏன், இங்கே மில் இல்லையா?"

"இல்லாம என்ன? இந்தத் தெருவுலயே இருக்கு. அது ஓடினா உங்க ஏசி ஓடாது. நீங்க வர்றதுக்கு முந்தின நாள் ரெண்டையும் போட்டுப் பார்த்தாங்க, தெருவே இருட்டாயிடுச்சு. மாவைத்தான் பஸ்ஸுல போய் அரைச்சுட்டு வந்துடலாம், படத்தைப் பஸ்ஸுல போய்ப் பார்க்க முடியுமான்னு ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்டோம்."

"மில்காரர் சம்மதிச்சாரா?"

"முதல்ல சொன்னதே அவர்தானே! நீங்க அன்னைக்கு விரட்டி விட்டீங்களே, அவர்தான்."

அதிகாரியம்மா நேரே மில்லுக்குப் போனார். உள்ளே இயந்திரத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் இவரைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

"என்னம்மா, முள் தாண்டிடுச்சா?" என்று கத்தினார். வருஷக்கணக்கில் மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"இல்லைங்க. நல்லா இருக்கு. தினமும் வந்து எதுக்கு ஏசியையே பார்த்துட்டு இருந்தீங்க?"

"திணறாம ஓடுதான்னு பார்க்கத்தான். திணறினா பக்கத்து வெல்டிங் கடையையும் நிறுத்தச் சொல்லணுமே. அவர் தயாராத்தான் இருந்தார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கரன்ட் பத்தாத ஊருன்னு தெரிஞ்சா, படத்தைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டோம்."

அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநரிடம் சொன்னதை நினைத்தபோது கூசியது. "அடுத்த வருஷமும் இங்கேதாங்க முதல்ல வருவோம். நான் பேசறேன்" என்றார்.

"தாராளமா வாங்க! மறுபடியும் நிறுத்திட்டாப் போச்சு!"

சொல்லிவிட்டு அவர் தயங்கினார். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டி கட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு அஞ்சு நிமிஷம் உள்ளே விடுவீங்களாம்மா? இத்தனை நாளும் ஏசியைப் பார்க்கவே சரியாப் போச்சு. ஒரு படம்கூட இன்னும் பார்க்கலை."