ஆண்பூ

“ஊர்ச் செடிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறியே, உன் வயித்துல மட்டும் ஏன் ஒண்ணும் தங்கல?” என்று மாமியார் ஒருமுறை அவளைக் கேட்டாள். அந்த வீட்டை விட்டு வந்தபின் விதைப் பண்ணையின் ஆய்வுக்கூடம்தான் அவளுக்கு எல்லாம்.

அன்று ஓர் இளம்பெண் டப்பாவில் பூசணிப் பூக்களோடு வந்தாள். கொடி நிறையப் பூத்தும் ஒரு காய்கூட நிற்கவில்லையாம்.

சோதித்துவிட்டு அவள் சொன்னாள்: “பெண்பூ நல்லாத்தான் இருக்கு. ஆண்பூவோட மகரந்தம்தான் சரியில்ல. சர்க்கரைத் தண்ணியில போட்டும் முளைக்கல.”

“சர்க்கரை பத்தலையோ, அக்கா?”

“சர்க்கரை இருந்து என்ன? அதைச் செரிக்கிற நொதி மகரந்தத்துக்குள்ள இருக்கணும். இதுல இல்ல. பந்தியில உட்கார்ந்துக்கிட்டே பட்டினி கிடக்குது.”

“அப்போ பெண்பூவைக் குத்தம் சொல்றது தப்புதானே?”

“பூசணிக் கொடியில யாரும்மா குத்தம் சொல்றா? அதெல்லாம் மனுஷங்க வீட்டுலதான்” என்று அவள் சிரித்தாள்.

இளம்பெண் சிரிக்கவில்லை.

“பூசணிக்காக மட்டும் வரல, அக்கா. உங்களுக்கு அப்புறம் அந்த வீட்டுக்கு வாழ வந்தவ நான். குழந்தை இல்லைன்னு என்னையும் அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறார். நிஜமாவே குறை உங்ககிட்டயா இருந்துச்சு?”

அவள் கையிலிருந்த கண்ணாடித் தகட்டைக் கீழே வைத்தாள்.

“இல்லம்மா. அவர்கிட்டதான்.”

“ஐயோ, பாவம், அது அவருக்குத் தெரியாதே! தெரிஞ்சா என்னை அனுப்பவே மாட்டார்.”

“டாக்டர் சொன்னப்ப என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். வெளிய சொல்லிடாதேன்னு என் கையைப் பிடிச்சு அழுதார்.”

இளம்பெண் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினாள்.