முத்தி செய்யாதவள்

“மாட்டேன் சாமி. நான் முத்தி செய்ய மாட்டேன்” என்றாள் ஞானமேரி. சொன்ன கையோடு சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோயில்பிள்ளை சூசைநாதன் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். பெரிய வெள்ளிக்கிழமை. பங்கு மக்கள் எல்லோரும் வரிசையில் வந்து சிலுவையில் தொங்கும் ஆண்டவர் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாய் பட்டதும் அந்தத் துணியால் ஒரு துடை. முந்நூறு வாய்க்கும் ஒரே துணி. அதில் முதல் வாய் சூசைநாதனுடையது.

பிரெஞ்சுக்காரப் பங்குச் சாமியாருக்கு முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. “ஏன் மாட்டாய்?”

“எச்சி, சாமி.”

வரிசை சலசலத்தது. “நாங்கள்லாம் என்ன நாய் வாயா வச்சிருக்கோம்?” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் மளிகைக்கடை ஆரோக்கியம்.

“எச்சிலாம் எச்சில்!” சாமியார் சீறினார். “என் தாயார் தினமும் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். நான் செத்தா போனேன்? இருபது வருஷமாய்ப் பார்க்கிறேன், இந்த ஊரில் ஒருவனும் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. இதெல்லாம் அஞ்ஞானிகள் வழக்கம்!”

சுத்தத்தைப் பற்றி அந்த வருஷம் புதுச்சேரியில் ஆளுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஊரில் பெரியம்மை. கோயில் வாசலில், புனித வாரத்துக்காகக் காலியாக்கிய தீர்த்தத் தொட்டிக்குக் கீழே, சானித்தேர் என்னும் சுகாதார ஆபீஸ் சேவகன் மருந்துத் தண்ணீர் வாளியோடு நின்றான். அதில் கை நனைக்காமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. கோயிலுக்கு வராத குடும்பம் எது என்று சீட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் போய்க் கதவைத் தட்டுவான். அம்மை கண்டவர் இருந்தால் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டகையில் தள்ளுவார்கள். அங்கிருந்து திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கையைக் கழுவச் சொன்ன சர்க்காருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

சூசைநாதன் ஞானமேரியை ஏற இறங்கப் பார்த்தார். வந்ததிலிருந்தே யாரோடும் ஒட்டாமல் பக்கவாசல் ஓரமாகத் தனியாக நின்றவள். எண்ணெய் காணாத தலை பரட்டையாகப் பறந்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தால் எண்ணெயைக்கூட விட்டுவிடுவாள் போலிருக்கிறது, ஆனால் மனசுக்குள் இத்தனை கர்வமா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அவள் மாமனார் இருந்தவரை சூசைநாதன் வகையறாவுக்கு அந்த வீட்டில் டம்ளர் கிடையாது. கையேந்தினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். மருமகளாக வந்த ஞானமேரிதான் முதல் முறையாக அவர் கையில் டம்ளரைக் கொடுத்தாள். அவளே இன்று எச்சில் என்கிறாள்.

சாமியார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். “ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ரோசாவுக்குப் புதுநன்மை, முதன்முதல் நற்கருணை. இப்போதே முத்தி செய். இல்லாவிட்டால் அவளுக்கு நன்மை இல்லை.”

ரோசா இரண்டு மாதமாக மந்திரம் மனப்பாடம் செய்ததும், வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தாயும் இதற்கு மசிந்துவிடுவாள் என்றுதான் சூசைநாதன் நினைத்தார்.

“குடுக்க வேணாம் சாமி” என்றாள் ஞானமேரி. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நின்ற இடத்திலேயே மண்டியிட்டாள். சிலுவைக்குப் பத்தடி தள்ளி, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். பிறகு எழுந்து, தலையைக் குனியாமல் பக்கவாசல் வழியாக வெளியே நடந்தாள்.

“இவல்லாம் பெத்தவளா?” என்றது ஒரு குரல். சூசைநாதனுக்குப் பொறுக்கவில்லை. துணியை ஆரோக்கியம் கையில் திணித்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடினார்.

“நில்லு மேரி!” பூவரச மரத்தடியில் அவளைப் பிடித்துவிட்டார். “நீ குடுத்த டம்ளர்ல குடிச்ச வாயிதான் இது. அன்னிக்கு நாறாத வாயி இன்னிக்கு நாறுதா ஒனக்கு?”

அவர் இரண்டடி முன்னால் எடுத்து வைத்தார். அவள் நாலடி பின்னால் துள்ளினாள். அது அவரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

“அங்கயே நில்லுங்கண்ணே!” அவள் கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை. “வராம இருக்க முடியாது, வந்தேன். வாய வைக்க முடியாது, வைக்கல. சாமி சபிக்கட்டும், ஊரு காறித் துப்பட்டும், நான் செஞ்சது செஞ்சதுதான். வேணும்னா போயி அந்த வாளிக்காரங்கிட்டயும் சொல்லுங்க.”

“என்னான்னு சொல்ல? எங்க வாயெல்லாம் எச்சின்னா?”

“ஒங்க வாயி இல்லண்ணே, என் வாயி. ரோசாவுக்கு அம்மை போட்டு அஞ்சு நாளாவுது.”