வலையில் ஒட்டிய நூல்

சூடேறிச் சூடேறி அணைந்துபோகும் கணினிப் பெட்டி, பக்கமூடி கழற்றப்பட்டு ஜன்னல் வெயிலில் படுத்திருக்கிறது. உள்ளிருக்கும் ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் அதன் இறக்கைகளை வருடுகிறான் அவன். வருவது வெறும் சாம்பல் தூசு அல்ல. மேலாகப் பள்ளிச் சீருடையின் நீலம், அடியில் யார் வீட்டுத் திரைச்சீலையோ, அந்தச் சிவப்பு, அதற்கும் அடியில் மகள் பிறக்கும் முன்பே தைத்து வைத்த குட்டிச் சட்டைகளின் மஞ்சள். எதிர்ச் சுவரோரம் மனைவியின் தையல் மெஷின் ஓட்டம் நின்றிருக்கிறது. "அத்தனையும் என் துணிப் பஞ்சுதானா?" என்கிறாள் அவள். "பேசாம மெஷினைப் பக்கத்து ரூமுக்குத் தள்ளிடறேன். உங்க வேலை கெட வேணாம்." பிரஷ் அப்படியே நிற்கிறது. "அங்க வெளிச்சம் பத்தாது" என்கிறான், தலை நிமிராமல். அந்த அறைக்கு இரண்டு ஜன்னல் என்பது இருவருக்கும் தெரியும். அவள் மிஞ்சிய வலைத்துணியைப் பெட்டியின் முகத்தில் வைத்து அளவு பார்க்கிறாள். ஓரத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுக்கிறாள். குழந்தைக்குத் தொப்பி போடுவது போல அதை அவன் மாட்டுகிறான். ஃபேன் ஓடுகிறது, மெஷினும் கடகடக்கிறது. சற்று நேரத்தில் ஒரு பச்சை நூல் மிதந்து வந்து வலையில் ஒட்டுகிறது. அவன் பார்க்கிறான், தட்டிவிடவில்லை.