சரிந்த நாணயம்

ஹெபாவைப் பெயிலாக்கிவிடுவது என்ற முடிவோடுதான் இவோன் அன்று மாலை கணினியின் முன் உட்கார்ந்தாள்.

நியூசிலாந்தில், பென்ரோஸில் ஆறு மணி. பகல் நேர ஊழியர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். திரையின் மறுபக்கத்தில், கெய்ரோவில் காலை ஒன்பது. ஹெபா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பரீட்சை மண்டபத்துப் பிள்ளைபோல முதுகை நிமிர்த்தி இருந்தாள்.

அது ஒரு வாகனக் காப்புறுதிக் கம்பனியின் கோல் சென்டர். அடுத்த மாதம் அது முழுவதுமாக எகிப்துக்குப் போகிறது. இவோன் பார்க்கும் குழுத்தலைவி வேலையை அங்கே பார்க்கப்போகிறவள் ஹெபா. ஆறு வாரமாக அவளைப் பழக்கியதும் இவோன்தான். அன்றைய கடைசிப் பரீட்சைக்குப் புள்ளி போடப்போகிறவளும் அவளே.

போன மாதக் கூட்டத்தில் மேலாளர் நவின் எகிப்தைப் பற்றித் திரையில் மூன்று வரி காட்டினார். மேலே ‘சாதகங்கள்’ என்று தலைப்பு. இளைஞர்கள் அதிகம். ஆங்கிலம் நன்று. நாணயம் சரிந்துவிட்டது.

இவோனுக்கு மூன்றாவது வரி புதிதல்ல. ரூபாய் சரிந்த வருஷம்தான் அவளும் புருஷன் எட்வேட்டும் கொழும்பில் பார்த்த வேலையை விட்டு, மன்னாரில் இருந்த காணியையும் விற்றுவிட்டு விமானம் ஏறினார்கள்.

வதிவிட விசாவுக்கு அவள் இதே வேலையில் இன்னும் மூன்று மாதம் இருக்கவேண்டும். ஹெபா தவறினால் கெய்ரோ திறப்பது மூன்று மாதம் தள்ளிப்போகும்.

“நீர் பெயில் எண்டு ஒண்டை அமத்திவிடும்,” என்றான் எட்வேட் காலையில், தான் வேலைசெய்யும் கிடங்குக்குப் புறப்படும்போது. “அந்தப் பிள்ளை திரும்ப எடுக்கலாம். எங்களுக்குத் திரும்ப வராது.”

ஹெபாவாலும் திரும்ப எடுக்க முடியாது. தவறியவரை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அதை இவோன் புருஷனுக்குச் சொல்லவில்லை.

ஹெபா பொறியியல் படித்தவள். தகப்பன் ஓய்வுபெற்ற ஆசிரியர். முன்பு மாதக் கடைசிவரை வந்த அவருடைய ஓய்வூதியம் இப்போது பன்னிரண்டாம் திகதியே தீர்ந்துபோகிறது என்று ஒருநாள் இடைவேளையில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பழக்குகிறவரின் கமரா அணைந்திருக்கவேண்டும் என்பது விதி. வாடிக்கையாளருக்கு முகம் கிடையாதல்லவா. அதனால் ஹெபா இவோனை ஒருநாளும் பார்த்ததில்லை. அசல் நியூசிலாந்துக்காரி என்றே நம்பியிருந்தாள். இவோன் மூன்று வருஷம் பாடுபட்டு நாக்கில் ஏற்றிய உச்சரிப்பை அவள் ஆறு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். பத்தை இப்போது ‘டென்’ என்பதில்லை. சுத்தமாக ‘டின்’ என்கிறாள்.

பரீட்சை தொடங்கியது. இவோனுக்குக் கோபக்கார வாடிக்கையாளர் வேஷம். மனுகாவ் கார் தரிப்பிடத்தில் யாரோ அவள் காரை இடித்துவிட்டார்கள். தவணை கட்டாததால் காப்புறுதி செல்லாது.

இவோன் கத்தினாள். ஹெபா பதறவில்லை. இவோன் ஏளனமாகப் பேசினாள். ஹெபா அதையும் கேட்டுக்கொண்டாள். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

“மூன்று மாதம் தாருங்கள்,” என்றாள் இவோன். “நான் வேறொன்றும் கேட்கவில்லை. மூன்றே மூன்று மாதம்.”

அது பரீட்சைக்கு எழுதிக்கொடுத்த தாளில் இல்லாத வசனம். சொல்லும்போது குரல் உடைந்ததும் நடிப்பில்லை.

ஹெபாவும் தன் தாளைப் பார்க்கவில்லை.

“தருவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை, மேடம். இருந்தால் தந்திருப்பேன். உங்களுக்கு ஆறும்வரை நான் லைனில் இருக்கிறேன்.”

உண்மையாகவே இருந்தாள். ஒரு நிமிஷம், அதற்கும் மேலே. இவோன் ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மூக்கைத் துடைத்தாள்.

எழுதிக்கொடுத்த வசனத்தைச் சொல்லாததற்கு நான்கு புள்ளி குறைக்கலாம். பெயிலாக்க நான்கு புள்ளி போதும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இவோன் ‘பாஸ்’ என்பதை அழுத்தினாள்.

கெய்ரோவில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. ஹெபா அரபியில் யாருக்கோ கூவிச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஆயிரம் நன்றி சொன்னாள். பிறகு தயங்கினாள்.

“இன்னும் ஒரு உதவி, மேடம். எங்கள் பவுண்ட் கொஞ்சம் தேறி வருகிறதாம். அடுத்த வருஷம் நாங்களும் கட்டுப்படியாக மாட்டோம் என்று கம்பனி இப்போதே சொல்லிவிட்டது. நான் பாஸானால் புது இடத்து ஆட்களை நான்தான் பழக்கவேண்டுமாம்.”

“எந்த இடம்?”

“கொழும்பு என்று ஒரு ஊர். அங்கே இன்னும் மலிவாம். நீங்கள் அறிந்திருப்பீர்களோ தெரியாது.” ஹெபாவின் முகத்தில் உண்மையான கவலை. “அந்த ஆட்களுக்கு ஆங்கிலம் வருமா, மேடம்?”

இவோன் அணைந்திருந்த கமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓரளவு வரும்,” என்றாள், “என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.”