திங்கட்கிழமைக் குடித்தனம்

"பெட்டியைக் கீழே வை. எங்க கிளம்பிட்ட?"

"எங்கேயோ! நான் இருந்தா மட்டும் உங்களுக்குத் தெரியவா போகுது, இல்லேன்னா—"

"நான் சொல்றதை முழுசாக் கேளு—"

"இருபது வருஷமாக் கேட்டாச்சு! காதே தேஞ்சு போச்சு. சட்டைக்குப் பொத்தான் தைக்கவும், சாவியைத் தேடிக் கொடுக்கவும்தானே நான்? இனிமே—"

சரசரவென்று ஒரு சத்தம்.

"கட்! சார், பேப்பர் சத்தம்" என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளரின் குரல். "கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை போயிடலாம்."

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். நல்லாத் திட்டிக்கிட்டு இருந்தீங்க, நடுவில கெடுத்துட்டேன்" என்றார் தபால்காரர்.

"அதுக்கென்ன, மறுபடியும் திட்டினாப் போச்சு."

அவர் பகலெல்லாம் ஊராருக்குக் கடிதம் கொடுப்பவர். அவள் பள்ளிக்கூட டீச்சர். இருபது வருஷமாகத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வானொலி நாடகத்தில் புருஷன் பெண்டாட்டி. கடைத்தெருவில் அவள் குரலைக் கேட்டதுமே, "உங்க வீட்டுக்காரர் இந்த வாரம் குடையைத் தொலைச்சாரா?" என்று விசாரிக்கிறவர்கள் உண்டு.

நிஜத்தில் அவருக்கு மனைவி இருக்கிறாள், வேறு ஊரில், மகனோடு. பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது, விவாகரத்தும் ஆகவில்லை. டீச்சருக்குக் கணவர் இல்லை, மாமியார் மட்டும். பக்கவாதம் வந்து படுத்த மாமியாருக்கு வாய் பேச வராது. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசும்.

இன்றைக்குக் கடைசிப் பகுதி. நாடகத்தை நிறுத்துகிறோம் என்று நிலையத்திலிருந்து கடிதம் வந்த அன்றுதான் டீச்சருக்கு ஒன்று உறைத்தது. குழாய் ஒழுகுவதிலிருந்து வகுப்பில் ஒருத்தி விட்ட கொட்டாவி வரைக்கும் எல்லாவற்றையும் அவள் திங்கட்கிழமைக்கென்று சேர்த்து வைத்திருந்தாள், இந்த மனிதரிடம் சொல்வதற்காக. சிநேகிதம்தானே, இந்த வயதில் வேறென்ன என்று மனசை அதட்டிப் பார்த்தாள். அது அடங்கவில்லை.

சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்றோடு விட்டால் எங்கே பார்ப்பது, எதைச் சாக்கு வைத்துப் பேசுவது?

தயாரிப்பாளருக்கு ஒரு பிடிவாதம். அவரவர் தாளில் அவரவர் வசனம்தான் இருக்கும். எதிராளி என்ன சொல்லப் போகிறார் என்று முன்னாலேயே தெரிந்தால் சண்டை சூடு பிடிக்காது என்பார். டீச்சரின் கடைசித் தாளின் அடியில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'மௌனம்'.

தபால்காரர் தம் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "கையில இருந்தா மறுபடியும் சத்தம் வரும்."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"இனிமே நீங்களே தேடிக்கோங்க. நான் போறேன்" என்றாள் டீச்சர்.

அவர் மைக்குக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார். மூச்சு விடுவதுகூட மைக்கில் விழுந்திருக்கும்.

"போகாதே. சண்டை போட எனக்கு வேற யார் இருக்கா? வீட்டுக்குப் போனா விளக்கைப் போடக்கூடத் தோணலை. நீ திட்டும்போதுதான் நான்னு ஒருத்தன் இருக்கறதே எனக்கு ஞாபகம் வருது. ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். பயமா இருந்துச்சு."

'அடேயப்பா, கடைசிக் கடைசியா எழுத்தாளருக்கு எழுத வந்துடுச்சே' என்று நினைத்துக்கொண்டாள். எழுத்தாளர் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. 'நானும்தான்' என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. தாளைப் பார்த்தாள். மௌனம். விழுங்கிவிட்டாள்.

விளக்கு அணைந்தது. ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார்... அந்த இடத்துல கதவு சாத்தற சத்தம்தானே? உங்களுக்கு அங்க வசனமே கிடையாதே!"