சந்தை முன் ஒரு தேர்

பாயான் பாரு சந்தைக்கு முன்னால் நடைபாதை பெரிய கால்வாயின் விளிம்பில் சட்டென்று முடிந்துவிடுகிறது. சற்றுத் தள்ளி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அது மறுபடி தொடங்குவதும் கண்ணுக்குத் தெரிகிறது. இடையில் இருப்பது கார் ரோடுதான். காலை வெயிலில் துளசி தன் சக்கர நாற்காலியை அந்த ரோட்டின் நட்டநடுவில் உருட்டிக்கொண்டு போகிறாள். மடியில் சோற்று டப்பா, கழுத்தில் தொழிற்சாலை அட்டை. பின்னால் ஹார்ன்கள் அலறுகின்றன. முதல் காரிலிருந்து இறங்கி ஓடி வருகிறான் கோகிலன். நடைபாதைத் திட்டத்தைப் பார்க்கும் அதிகாரி அவன்தான். “அக்கா, ஓரமா போங்க லா! இந்த இடத்துக்கு பட்ஜெட் அடுத்த வருஷம்தான்.” துளசி கையை நிறுத்தவில்லை. “போன வருஷமும் இதத்தான் சொன்ன. ஓரம் எங்க இருக்கு தம்பி, நீயே காட்டு.” அவன் கால்வாயைப் பார்க்கிறான். துளசி உருட்டிக்கொண்டே சொல்கிறாள்: “தைப்பூசத்துக்கு டவுன்ல தேர் போனா மட்டும் சத்தம் போடாம பின்னாலயே வர்றீங்கல்ல? இன்னிக்கு இதான் தேரு.” பூக்கடை வடிவம்மாள் அதைக் கேட்டுவிடுகிறாள். அர்ச்சனைத் தட்டிலிருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி, நாற்காலிக்கு முன்னால் ஓங்கி உடைக்கிறாள். சில்லுகளைச் செருப்பால் ஒதுக்கிவிட்டு, “போ தாயி” என்கிறாள். ஹார்ன்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. தேங்காய்த் தண்ணீரில் நனைந்த சக்கரங்கள் தாரில் இரண்டு ஈரக்கோடுகளை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போகின்றன. காரை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கோடுகளுக்கு நடுவே கோகிலன் நடந்து வருகிறான்.