மாலை போட்ட மோட்டார்

முதலில், தொட்டியில் வாழும் நுண்ணுயிர்களை ஆலைக்காரர்கள் கிருமி என்று ஏசினார்கள். இரண்டாவதாக, ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர் முழுவதையும் அவர்கள் தலையில் கொட்டி, தின்று சுத்தம் செய்யச் சொன்னார்கள். மூன்றாவதாக, தண்ணீர் தெளிந்ததும் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரைப் பாராட்டினார்கள். நான்காவதாக, ஆயுத பூஜையன்று அந்த மோட்டாரை நிறுத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுத்தார்கள். காற்றில்லாமல் தொட்டிக்குள் பாதிச் சனம் செத்தது.

மறுநாள் மோட்டார் உறுமியது. மூத்த கிருமி உலகாயி மாவுத் துணுக்கைத் தொடவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் புளித்து நாறத் தொடங்கியது.

"சாப்பிடுக்கா, என் மானம் போகுது," என்றது மோட்டார்.

"போகட்டும் தம்பி. எங்களுக்கு உசுரே போச்சு."

"சுவிட்சை அணைச்சது மனுஷன். நான் என்ன பண்ணுவேன்?"

"மாலைக்கு மட்டும் கழுத்தை நீட்டத் தெரிஞ்சுதா? அடுத்த பூஜைக்கு ஓடிக்கிட்டே பொட்டு வாங்கிக்க. இப்ப, செத்தவங்க பேரைச் சொல்லு."

"கிருமிக்கு ஏது பேரு?"

பட்டினி தொடர்ந்தது. நாறிய தண்ணீர் கடைசிக் குளத்துக்கும் போனது. தண்ணீர் சுத்தமென்று காட்ட ஆலை அங்கே வளர்த்த மீன்கள், மூச்சு முட்டி மேலே வந்து வாய் பிளந்தன.

"சொல்லித் தொலைய்யா! நாங்க சாட்சி!"

மோட்டார் மாலையை உதறியது. "இனி பூஜைன்னாலும் நிக்க மாட்டேன். யாரிலிருந்து தொடங்கட்டும், அக்கா?"

உலகாயி தன் தங்கையின் பெயரைச் சொன்னாள். தொட்டியும் குளமும் கேட்கும்படி மோட்டார் அதை உரக்கச் சொன்னது:

"முத்தழகி!"